பதினைந்து சென்ட் ஹாம்பர்கரும் பாட்டி வீட்டுக் கணக்கு நோட்டும்

கேள்வி: இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அமெரிக்காவில் ஒரே ஆள் சம்பளத்தில் சொந்த வீடு, கார், நாலு பிள்ளைகள் என்று ராஜா மாதிரி வாழ்ந்திருக்கிறார்கள். ஹாம்பர்கர் 15 சென்ட், கோகோ கோலா 5 சென்ட். இன்று இருவர் உழைத்தும் வாடகை கொடுத்து மாளவில்லை. எல்லாமே மலிவாக இருந்த அந்தக் காலம் எங்கே போனது?

பிப்ரவரி 8

மாதம் ஒருமுறை யாராவது இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கூடவே ஒரு பழைய விளம்பரப் படமும் வரும். குடை போல விரிந்த கவுனில் அம்மா, கழுத்தில் டையுடன் அப்பா, நடுவில் புதுக் குளிர்பதனப் பெட்டி. அதைக் குலதெய்வத்தைப் பார்ப்பது போல எல்லோரும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

விலையைச் சொல்கிறவர்கள் சம்பளத்தைச் சொல்வதில்லை. 1955இல் மத்திய அரசு வைத்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டாலர். 15 சென்ட் ஹாம்பர்கருக்கு 9 நிமிட உழைப்பு. நான் இருக்கும் நியூ ஜெர்சியில் இன்று குறைந்தபட்சக் கூலி 15 டாலருக்கு மேல். சாதா ஹாம்பர்கர் 2 டாலர் என்று வைத்தால் 8 நிமிடம். ஒன்பதுக்கு எட்டு. இதற்காகவா இத்தனை பெருமூச்சு?

பிப்ரவரி 8, இரவு

மேலே எழுதியது தப்பு. கணக்கு எழுதிச் சம்பாதிக்கிறவன் செய்யக் கூடாத தப்பு. ஒரு டாலர் கூலிக்கான சட்டம் 1955 ஆகஸ்டில் வந்தது, ஆனால் தொழிலாளி கைக்குக் காசு வந்தது 1956 மார்ச் 1ஆம் தேதி முதல்தான். 1955இல் 75 சென்ட். ஆகவே ஹாம்பர்கருக்கு 12 நிமிடம்.

இன்னொன்று. அந்த 15 சென்ட் 1955இல் பிறந்த விலை இல்லை. மெக்டொனால்டு சகோதரர்கள் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் தங்கள் கடையைக் கொஞ்ச காலம் மூடிவைத்தார்கள். காருக்கே வந்து பரிமாறும் பெண்கள், பீங்கான் தட்டு, நீளமான உணவுப் பட்டியல் எல்லாவற்றுக்கும் கும்பிடு போட்டுவிட்டு 1948இல் மறுபடி திறந்தபோதே ஹாம்பர்கர் 15 சென்ட். 1955 ஏப்ரலில் ரே கிராக் என்பவர் அதே பெயரில் இல்லினாய் மாநிலத்தில் டெஸ் பிளெய்ன்ஸில் கடை திறந்தபோதும் அதே 15. 1948இல் குறைந்தபட்சக் கூலி 40 சென்ட். கணக்குப் போட்டால் 22 நிமிடத்துக்கும் கொஞ்சம் கூடுதல்.

அது கிடக்கட்டும். உணவகத் தொழிலாளர்களை அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது 1966ஆம் ஆண்டுத் திருத்தம்தான். அதாவது ஹாம்பர்கரைப் புரட்டிப் போட்ட பையனுக்கு நான் இவ்வளவு நேரம் வகுத்துக்கொண்டிருந்த குறைந்தபட்சக் கூலியே கிடையாது. நான் யாருடைய நிமிடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

இனி ஆலைத் தொழிலாளியின் சராசரிக் கூலியை வைத்துக்கொள்கிறேன். 1955இல் மணிக்கு ஏறக்குறைய 1 டாலர் 85 சென்ட்.

பிப்ரவரி 9

“ஹாம்பர்கரை விடுங்கள், பால், முட்டை எல்லாம் கொள்ளை மலிவாக இருந்திருக்கும்” என்று ஒருவர்.

முட்டையா? வாருங்கள். 1955இல் ஒரு டஜன் முட்டை சுமார் 60 சென்ட். அன்றிலிருந்து இன்றுவரை பொது விலைவாசி பன்னிரண்டு மடங்கு ஏறியிருக்கிறது. ஆக இன்றைய பணத்தில் 7 டாலர் 20 சென்ட். 2025 மார்ச்சில் பறவைக் காய்ச்சலால் கோழிகள் கோடிக்கணக்கில் அழிக்கப்பட்டு, நாட்டுச் சராசரி விலை டஜன் 6 டாலர் 23 சென்ட்டுக்குப் போனபோது செய்தியில் வேறு பேச்சே இல்லை. கடையில் ஆளுக்கு இரண்டு அட்டைதான் என்று பலகை தொங்கவிட்டார்கள். நாம் பஞ்சம் என்று சொன்ன அந்த விலை, 1955இல் வாடிக்கையான ஒரு செவ்வாய்க்கிழமை விலையைவிடக் குறைவு.

காரணம் எங்கள் மாநிலத்திலேயே இருக்கிறது. தெற்கு நியூ ஜெர்சியில் வைன்லாண்டு என்ற ஊரைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு கோழிப்பண்ணைகள். ஐரோப்பாவில் யூதப் படுகொலையிலிருந்து தப்பி வந்த பல குடும்பங்கள் போருக்குப் பின் அங்கே குடியேறிக் கோழி வளர்த்தன. குடும்பமே விடியற்காலையில் எழுந்து கூடையோடு போய் முட்டை பொறுக்க வேண்டும், துடைக்க வேண்டும், பிரிக்க வேண்டும். பிறகு தெற்கு மாநிலங்களில் பெரிய பண்ணைகள் வந்தன, முட்டை விலை இறங்கியது, வைன்லாண்டுப் பண்ணைகள் ஒவ்வொன்றாக மூடின. நமக்கு முட்டை மலிவானதன் மறுபக்கம் அது.

காபியைப் பற்றிக் கேட்காதீர்கள். 1953 ஜூலையில் பிரேசிலில் உறைபனி விழுந்து செடிகள் கருகின. 1954இல் பவுண்டு காபி ஒரு டாலரைத் தாண்டியது. இன்றைய கணக்கில் 12 டாலருக்கு மேல். அந்த விலைக்குக் கிடைத்த காபியையும் அவர்கள் கண்ணாடி போலத் தண்ணீராகப் போட்டுக் குடித்தார்கள் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிப்ரவரி 10

கேள்வியில் “போர் முடிந்த பிறகு” என்று இருக்கிறது. முடிந்த உடனே என்றால், மலிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. போர்க்கால விலைக் கட்டுப்பாடு 1946இல் தளர்ந்ததும் அந்த ஒரே ஆண்டில் விலைவாசி 18 சதவீதம் ஏறியது. கட்டுப்பாட்டை மறுபடி போட்டபோது மாடு வளர்த்தவர்கள் மாட்டைச் சந்தைக்கே ஓட்டி வரவில்லை. கசாப்புக் கடைகள் காலி. சர்க்கரைக்கு ரேஷன் 1947 வரை இருந்தது. பிட்ஸ்பர்கில் 13,000 ஜோடி நைலான் காலுறை விற்பனைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டு 40,000 பேர் வரிசையில் நின்றார்கள். வரிசை எப்படி முடிந்திருக்கும் என்று ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வாங்கியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பிப்ரவரி 15

இரண்டு நாளாகப் பனி. பக்கத்து வீட்டுப் பாட்டியின் வாசலில் வாரிக் கொட்டிக் கொடுத்தேன். கூலி, ஒரு துண்டு ஆப்பிள் பை. அவருக்கு எண்பத்தெட்டு வயது. 1951இல் அவருடைய அப்பா வாங்கிய வீட்டில்தான் இன்னும் இருக்கிறார். இந்தக் கேள்வியைச் சொன்னேன். “ஒரே சம்பளத்திலா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார்.

நீள நோட்டு. கறுப்புத் துணி அட்டை, மூலையில் சிவப்புத் தோல். எங்கள் ஊர் மளிகைக் கடைப் பேரேட்டுக்குத் தங்கை. என் தொழில் புத்திக்கு இதைவிட விருந்து வேண்டுமா, ஆப்பிள் பையை மறந்துவிட்டேன்.

வீடு 9,900 டாலர். அப்பா போரில் இருந்து திரும்பியவர் என்பதால் அரசு உத்தரவாதத்தில் கடன், 4 சதவீத வட்டி, 25 ஆண்டு. மாதத் தவணை 52 டாலர் சொச்சம். ஆலையில் அவருடைய வாரச் சம்பளம் 64 டாலர். ஆக ஒரு வாரச் சம்பளத்துக்குள் மாதத் தவணை முடிந்துவிடுகிறது. இங்கே நான் கேள்வி கேட்டவரிடம் தோற்றுவிட்டேன். இன்று எங்கள் தெருவில் தவணை கட்டுகிற எவருக்கும் ஒரு வாரச் சம்பளம் பக்கத்தில்கூட வராது. எனக்கு இரண்டு வாரமும் போதாது. மனைவி சம்பளத்தையும் சேர்த்துத்தான் மூச்சு விடுகிறேன்.

ஆனால் நோட்டை இன்னும் புரட்டுங்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அப்பாவின் 64 டாலர் நீல மையில் இருக்கிறது. அதன் கீழே பென்சிலில், சின்ன எழுத்தில், இன்னொரு தொகை. 27, 29, 31. அது பாட்டியின் அம்மா சம்பளம். தொலைபேசி நிலையத்தில் மாலை ஷிப்டு, இணைப்புக் கொடுக்கும் வேலை. அப்பா ஊரெல்லாம் “நான் ஒருவன் சம்பாதித்துத்தான்” என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். பென்சில் வரி ஒன்பது வருடம் போகிறது.

1950இல் அமெரிக்கப் பெண்களில் மூன்றில் ஒருவர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். விளம்பரப் படத்தில் குளிர்பதனப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற கவுன் அம்மா, மாலை ஷிப்டுக்குக் கிளம்பும் முன் எடுத்த படமோ என்னவோ.

பிப்ரவரி 16

நேற்று விட்டுப்போனது. அதே நோட்டில் 1952இல் ஒரு வரி, இரண்டு முறை அடிக்கோடு: “கலிஃபோர்னியா, 3 நிமிடம், 2.50, வரி தனி.” சித்தப்பாவுக்குப் பேசியது. 3 நிமிடப் பேச்சுக்கு ஆலையில் ஒன்றரை மணி நேர வேலை. பேசும்போது பாட்டியின் அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துக்கொள்வாராம். எங்கள் தெருவில் இருந்து அதிக தூரமில்லை எங்கிள்வுட். 1951 நவம்பர் 10ஆம் தேதி அந்த ஊர் மேயர், இடையில் யார் உதவியும் இல்லாமல் தானே எண்ணைச் சுழற்றிக் கலிஃபோர்னியாவின் அலமீடா மேயரிடம் பேசினார். இணைப்பு கிடைக்க 18 வினாடி. பொதுமக்கள் நேரடியாக நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பேசும் முறை அங்கிருந்து தொடங்கியது. பாட்டியின் அம்மா பார்த்த வேலைக்கு அன்றே நாள் குறித்தாகிவிட்டது.

பிப்ரவரி 16, மறுபடி

“வீடு என்றால் எப்படிப்பட்ட வீடு?” நல்ல கேள்வி. நானும் 1951இல் கட்டிய வீட்டில்தான் இருக்கிறேன். கட்டியபோது 900 சதுர அடிக்கும் குறைவு. 1950இல் புது வீட்டின் சராசரிப் பரப்பே 983 சதுர அடிதான். இரண்டு படுக்கையறை, ஒரே குளியலறை. எனக்கு முன் இருந்தவர்கள் பின்னால் ஓர் அறையை ஒட்டவைத்திருக்கிறார்கள், அது வீட்டோடு இன்னும் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லை, கூரை சேருமிடத்தில் ஒழுகும்.

சமையலறைச் சுவரில் ஒரு சின்ன இரட்டைக் கதவு உண்டு. வெளியே ஒன்று, உள்ளே ஒன்று, நடுவில் ஓர் அடி ஆழப் பெட்டி. வாங்கின புதிதில் பூனை போகும் வழி என்று நினைத்தேன். பால்காரர் வெளிக்கதவைத் திறந்து பாட்டில்களை வைத்துவிட்டுப் போவார், வீட்டுக்காரர் உள்ளிருந்து எடுத்துக்கொள்வார். கூடத்துச் சுவரில் மாடப்பிறை மாதிரி ஒரு குழிவு. அது தொலைபேசி வைக்க. ஒரு வீட்டுக்கு ஒரு தொலைபேசி என்ற முடிவை எடுத்துச் சுவரிலேயே கட்டிவிட்டார்கள். என் மனைவி அதில் பிள்ளையாரை வைத்திருக்கிறார். அளவெடுத்த மாதிரி பொருந்துகிறார்.

சின்ன வீடு என்று சிரிக்க வேண்டாம். 1950ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அமெரிக்க வீடுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முழுக் குழாய் வசதி கிடையாது. சூடும் குளிருமாகத் தண்ணீர், குளியல் தொட்டி, கழிவறை ஆகிய மூன்றில் ஏதோ ஒன்றாவது குறை. “எல்லோரும் ராஜா மாதிரி” என்பதில் அந்த மூன்றில் ஒரு பங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 17

லெவிட்டவுன் என்ற பெயர் வராமல் இந்தப் பேச்சு முடியாது என்று தெரியும், யாரோ கேட்டும்விட்டார்கள்.

நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு விளைந்த நிலம். வில்லியம் லெவிட் என்ற கட்டுமானக்காரர் அங்கே 1947இல் வீடு கட்டும் வேலையைத் தொடங்கினார். 1951க்குள் 17,000க்கும் மேற்பட்ட வீடுகள். வீடு கட்டுவதை 26, 27 படிகளாகப் பிரித்து, ஒரு கூட்டம் சிமெண்டுத் தளம் போட்டுவிட்டு அடுத்த மனைக்குப் போகும், பின்னாலேயே மரச்சட்டம் அடிக்கும் கூட்டம் வரும், அதன் பின்னால் வண்ணம் பூசுகிற கூட்டம். கார் ஆலையில் கார் நகரும், ஆள் நிற்பான்; இங்கே வீடு நிற்கிறது, ஆள் நகர்கிறான். முதலில் மாதம் 60 டாலர் வாடகை. பிறகு 6,990, 7,990 என்று விற்பனை. போரில் இருந்து வந்தவர்களுக்கு முன்பணம் இல்லை. அதே வீடுகள் இன்று 6 லட்சம் டாலருக்கு மேல் போகின்றன.

பத்திரத்தில் நிபந்தனைகள் இருந்தன. வேலி போடக் கூடாது. புல்லை வாராவாரம் வெட்ட வேண்டும். சனி, ஞாயிறில் துணி காயப்போடக் கூடாது. வடாம் காயவைக்கலாமா என்பது பற்றிப் பத்திரம் மௌனம்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. காக்கேசிய இனத்தாரைத் தவிர வேறு யாரும் அந்த வீட்டில் வசிக்கக் கூடாது. வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. இதைப் படித்ததும் என் புத்தி குறுக்கே ஓடியது. நான் காக்கேசியனா? இந்தக் கேள்வியோடு ஒரு பஞ்சாபிக்காரர், பகத் சிங் திண்ட், அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார். மானிடவியல் நூல்களின்படி நான் காக்கேசியன், ஆகவே எனக்குக் குடியுரிமை கொடுங்கள் என்றார். 1923இல் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு: நூல் என்ன சொன்னாலும் சரி, சாதாரண மனிதன் “வெள்ளையர்” என்று யாரை நினைக்கிறானோ அதில் நீர் இல்லை. 1946இல் சட்டம் மாறி இந்தியர்களுக்குக் குடியுரிமை வாசல் திறந்தது. ஆண்டுக்கு எத்தனை பேர் உள்ளே வரலாம் தெரியுமா? 100. இந்தியா முழுவதற்கும் 100 பேர். எங்கள் ஊர் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் சர்க்கரைப் பொங்கல் வரிசையில் அதற்கு மேல் நிற்கிறார்கள்.

ஆக “அந்தக் காலம் திரும்புமா” என்று தமிழில் கேட்கிறவருக்கு என் பதில், திரும்பினால் நம்மை வாசலில் நிறுத்துவார்கள்.

பிப்ரவரி 17, நள்ளிரவு

இப்படி ஒரே அடியாக எழுதியிருக்க வேண்டாம். நமக்கு அது வரலாற்றில் ஒரு கசப்பான வேடிக்கை. கறுப்பினத்தவருக்கு அது வீடு. அதே போரில் சண்டையிட்டு, அதே கடனுக்குத் தகுதி பெற்று, விண்ணப்பத்தோடு போனவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். இப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமலாக்கக் கூடாது என்று 1948இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் லெவிட் விற்கவில்லை. 1957 ஆகஸ்டில், லெவிட் பென்சில்வேனியாவில் கட்டிய இன்னொரு லெவிட்டவுனில் முதல் கறுப்பினக் குடும்பம், வேறொருவரிடமிருந்து வீட்டை வாங்கிக் குடிவந்தபோது வாசலில் கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. எங்கள் மாநிலத்தில் அவர் வீடுகள் கட்டிய வில்லிங்பரோவில் வழக்கு நடந்த பிறகுதான், 1960இல், வழி திறந்தது. 1950இல் எட்டாயிரத்துக்கு வாங்கிய வீடு பிள்ளைகளுக்கு லட்சங்களாகப் போய்ச் சேர்ந்தது. அன்று வாங்க விடாதவர்களின் பிள்ளைகளுக்கு என்ன போய்ச் சேர்ந்திருக்கும்? இதற்கு என் நிமிடக் கணக்கு உதவாது.

பிப்ரவரி 22

கோகோ கோலாவை மறந்துவிடவில்லை. எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இது.

1886இல் 5 சென்ட். 1950இலும் 5 சென்ட். இரண்டு உலகப் போர், ஒரு பெருமந்தம், விலை அசையவில்லை. கருணையால் இல்லை. 1899இல் நிறுவனம் பாட்டிலில் அடைக்கும் உரிமையை இரண்டு வழக்கறிஞர்களுக்குக் கொடுத்தபோது, சர்க்கரைப்பாகை என்றென்றைக்கும் ஒரே விலைக்குத் தருவதாக ஒப்பந்தம் எழுதிவிட்டது. பாட்டில் பானம் ஓடும் என்று யாருமே நினைக்கவில்லை. ஓடியது. பாகின் விலை ஏறாதபோது பாட்டிலின் விலையும் ஏறக் கூடாது, அப்போதுதான் நிறைய விற்கும், அப்போதுதான் நிறுவனத்துக்கு லாபம். ஆகவே ஊர்ச் சுவரெல்லாம் “5 சென்ட்” என்று எழுதி வைத்தது. சுவரில் எழுதிவிட்டால் கடைக்காரர் எப்படி ஆறு கேட்பார்?

பாகு ஒப்பந்தம் பின்னால் மாறியது. ஆனால் அதற்குள் இன்னொரு முட்டுக்கட்டை. நாடெங்கும் லட்சக்கணக்கான விற்பனை இயந்திரங்கள், அவற்றுக்குத் தெரிந்தது நிக்கல் என்கிற 5 சென்ட் நாணயம் ஒன்றே. அடுத்த நாணயம் 10 சென்ட். ஏற்றினால் நேரே இரட்டிப்பு. என்ன செய்தார்கள் தெரியுமா? சில இடங்களில் ஒன்பது பாட்டிலுக்கு ஒரு காலி பாட்டிலை வைத்துப் பார்த்தார்கள். காசைப் போடுகிறீர்கள், காலி பாட்டில் வருகிறது, அசடு வழிந்துவிட்டு இன்னொரு காசு போடுகிறீர்கள். சராசரி விலை 5.6 சென்ட் ஆகிவிட்டது. அதுவும் எடுபடாமல், 1953இல் நிறுவனத் தலைவர் ராபர்ட் வுட்ரஃப் தன் நண்பர் ஐசனோவருக்கு எழுதினார்: ஏழரை சென்ட்டுக்கு ஒரு நாணயம் அடிக்க முடியுமா? ஐசனோவர் அப்போதுதான் குடியரசுத் தலைவர் ஆகியிருந்தார். நாணயம் அடிக்கவில்லை. 1959க்குள் 5 சென்ட் கோலா எங்கும் இல்லை.

நியூயார்க் சுரங்க ரயிலும் இதே கதை. 1904 முதல் 5 சென்ட். 1948 ஜூலையில் 10. 1953இல் 15 ஆக்கியபோது வாயில் இயந்திரத்தில் இரண்டு விதமான காசைப் போட வழியில்லை, ஆகவே டோக்கன் பிறந்தது.

அன்றைய நம் ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தேன். 1949க்குப் பிறகு ஒரு டாலர் 4 ரூபாய் 76 காசு. ஆக ஒரு கோலா நாலணாவுக்குக் கொஞ்சம் குறைவு.

பிப்ரவரி 22, பத்து நிமிடம் கழித்து

“76 காசு” இல்லை. ரூபாய்க்கு நூறு காசு என்ற கணக்கு 1957இல்தான் வந்தது. பன்னிரண்டணா சொச்சம். யாரும் பிடிப்பதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

மார்ச் 1

பாட்டி இன்னொன்று காட்டினார். கைக்கடக்கமான புத்தகம், பக்கம் முழுக்கப் பச்சை நிறத்தில் குட்டிக் குட்டி முத்திரைகள். எஸ் அண்ட் எச் பச்சை முத்திரை. கடையில் 10 சென்ட்டுக்குச் சாமான் வாங்கினால் ஒரு முத்திரை. நாக்கால் நனைத்து ஒட்ட வேண்டும். 1,200 ஒட்டினால் ஒரு புத்தகம் நிறையும், அதாவது 120 டாலருக்குச் சாமான் வாங்கியிருக்க வேண்டும். புத்தகங்களைச் சேர்த்து மாற்றுக் கடைக்குக் கொண்டுபோனால் விளக்கு, பாத்திரம், கம்பளி என்று எதையாவது கொடுப்பார்கள். ஞாயிறு மாலை மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து ஒட்டுவார்களாம். தம்பிக்கு நாக்கு பச்சையாகிவிடும். கடைசியில் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் தோய்த்து ஒட்டக் கண்டுபிடித்தது பாட்டிதானாம். ஊரில் லட்சம் பேர் கண்டுபிடித்திருப்பார்கள், இருந்தாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

பழைய புடவை நாலு கொடுத்து எவர்சில்வர் தூக்கு வாங்கிய வீட்டில் பிறந்தவன் நான். அந்தப் பேரத்தில் யாருக்கு லாபம் என்று அம்மாவுக்கும் தெரியும், பாத்திரக்காரருக்கும் தெரியும். முத்திரைக்கான செலவைக் கடைக்காரர் சாமான் விலையில்தான் ஏற்றியிருப்பார். பாட்டியிடம் இதைச் சொன்னேன். “விளக்கு இன்னும் எரிகிறது” என்றார்.

மார்ச் 2

தொலைக்காட்சியைப் பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர். சுருக்கமாக.

1950இல் பத்து வீட்டில் ஒன்றில்கூட இல்லை. 1960இல் ஏறக்குறைய ஒன்பதில். பத்தே ஆண்டு. தன் முதல் வண்ணப் பெட்டியை ஆர்சிஏ நிறுவனம் 1954இல் 1,000 டாலருக்குக் கொண்டுவந்தது. ஆலைத் தொழிலாளிக்கு மூன்று மாதத்துக்கு மேல் சம்பளம், திரை 15 அங்குலம். இன்று என் பையன் கைப்பேசியை உடைத்தால் நான் போடும் கூச்சல் அந்த விலைக்கு முன் ஒன்றுமில்லை. 98 சென்ட்டுக்கு ஸ்வான்சன் நிறுவனத்தின் உறைந்த சாப்பாட்டுத் தட்டு வந்ததும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். அலுமினியத் தட்டில் வான்கோழி ஒரு பக்கம், பட்டாணி ஒரு பக்கம், ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுப்பு.

1953 ஜனவரி 19ஆம் தேதி இரவு, லூசில் பால் நடித்த தொடரில் குழந்தை பிறந்தது. 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் பதவியேற்றார், 2 கோடியே 90 லட்சம் பேர். அந்தத் தொடரில் ஒரு இடத்தில்கூடக் “கர்ப்பம்” என்ற சொல் வராது, ஒளிபரப்பு நிறுவனம் அனுமதிக்கவில்லை. வயிறு தெரியலாம், சொல் கேட்கக் கூடாது.

பாட்டி வீட்டில் அப்போது பெட்டி இல்லை. எதிர் வீட்டில் போய்ப் பார்த்தார்களாம், மடக்கு நாற்காலியைக் கையோடு தூக்கிக்கொண்டு. ஒலியும் ஒளியும் பார்க்க நான் பாயோடு போனதைச் சொன்னேன். அன்றைக்கு இரண்டு துண்டு பை.

மார்ச் 8

நாணயக் கதையில் 10 சென்ட்டை விட்டுவிட்டேன். டைம் என்பார்கள். 1946 முதல் அதில் போர்க்காலக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் முகம். காரணம் போலியோ. அவரே போலியோவால் நடக்க முடியாமல் போனவர். அவர் 1938இல் தொடங்கிய அமைப்புக்கு மக்கள் பத்துப் பத்து சென்ட்டாக அனுப்பினார்கள், வெள்ளை மாளிகைத் தபால் அறையில் மூட்டை மூட்டையாகச் சில்லறை.

1952இல் மட்டும் ஏறக்குறைய 58,000 பேருக்குப் போலியோ. அந்தக் கோடையில் நீச்சல் குளம் மூடல், திரையரங்குக்குப் போகத் தடை. பாட்டிக்கு வயது பதினாலு. தெருவில் இரண்டு வீடு தள்ளி ஒரு பையன் ஆகஸ்டில் காய்ச்சல் என்று மருத்துவமனைக்குப் போனான், கிறிஸ்துமசுக்குக் காலில் இரும்புச் சட்டத்தோடு வந்தான். 1955 ஏப்ரல் 12ஆம் தேதி ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி பலிக்கிறது என்று அறிவித்தபோது கோயில் மணி அடித்தார்கள், கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து கத்தினார்கள். அந்த ஊசிக்கான ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது அந்தப் பத்து சென்ட்டுகள். நோட்டில் ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு வரி இருக்கிறது: “டைம், 4.” நான் முதலில் 4 சென்ட் என்று படித்தேன். நாலு நாணயம், பிள்ளைக்கு ஒன்று.

மலிவு, விலையேற்றம் என்று ஒரு மாதமாக வகுத்துக்கொண்டிருக்கிறேன். இதை எந்தப் பத்தியில் போடுவது?

மார்ச் 14

குளியலறையை இடித்தாயிற்று. ரோஜா நிற டைல், ரோஜா நிறத் தொட்டி, எல்லாம் அந்தக் காலத்து மோகம். கண்ணாடி அலமாரியின் உள்ளே பின்பக்கத் தகட்டில் ஒரு மெல்லிய கீறல் மாதிரி திறப்பு. இத்தனை வருடம் காற்றோட்டத்துக்கு என்று நினைத்திருந்தேன். ஆள் சுவரைப் பெயர்த்ததும் சரசரவென்று ஏதோ கொட்டியது. சவர பிளேடுகள். துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிய நூற்றுக்கணக்கான பிளேடுகள். தேய்ந்த பிளேடைக் கீறலில் தள்ளினால் அது சுவருக்குள் விழும், அவ்வளவுதான், அப்புறம் என்ன ஆகும் என்பது அடுத்தவர் கவலை. அந்த அடுத்தவர் நான். கையுறை போட்டுக்கொண்டு அள்ளினோம், இரண்டு காபி டப்பா நிறைந்தது.

ஒப்பந்தக்காரர் கேட்டது 24,000 டாலர். பக்கத்து வீடே 9,900.

மார்ச் 15

பிளேடு டப்பாவைப் பாட்டியிடம் காட்டப் போனேன். தன் வீட்டுச் சுவரிலும் இருக்கும் என்றார், இடிக்கப் போவதில்லை என்றும் சொன்னார்.

போன இடத்தில் ஒரு திருத்தம். பிப்ரவரி 15இல், பாட்டியின் அப்பா தன் சம்பளத்தை மையிலும் மனைவியின் சம்பளத்தைப் பென்சிலிலும் எழுதியதாக ஒரு நினைப்பில் எழுதியிருந்தேன். நோட்டு எழுதியது அப்பா இல்லையாம். அவர் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. ஒன்பது வருடமும் எழுதியது அம்மா. இரண்டு வரியும் அவர் கையெழுத்து.

பிறகு ஏன் பென்சில் என்று கேட்டேன்.

“பேனா அப்பாவுடையது” என்றார். “அவருடைய சம்பளத்தை எழுத மட்டும்தான் அம்மா கேட்டு வாங்குவார்.”